வாத்துக்குஞ்சுக்கு வாரண்டி

வாரண்டிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. கூப்பிட ஆளில்லாமல் அது துருப்பிடித்துப் போனது. கடையிலும் தெருவிலும் அவன் வாரண்டிதான். வாஷிங் மெஷின்களைப் பிரித்துப் பழுது பார்ப்பது தொழில். "இனிமே ஒழுங்கா ஓடுமா?" என்று எந்த வீட்டம்மா கேட்டாலும், "நான் இருக்கற வரைக்கும் வாரண்டி. செத்துட்டா ஆவியா வந்து பெல்ட் மாத்துவேன்" என்பான். வீட்டம்மா சிரிப்பார். சிரித்து முடிப்பதற்குள் அவன் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிடுவான். அடுத்ததாக நீட்டப்படுவது சர்வீஸ் சீட்டு. என்ன பழுது, என்ன மாற்றினோம் என்று அதில் எழுத வேண்டும். "கண்ணாடிய வீட்ல வெச்சுட்டு வந்துட்டேன், கடைல பில் போடற பொண்ணு எழுதிக்கும்" என்று படியிலிருந்தே குரல் கொடுப்பான். அவனிடம் கண்ணாடியே கிடையாது.

வாரண்டிக்கு எழுத்து வராது.

ஒரேயடியாக வராது என்று சொன்னால் பொய். தனித்தனியாக நின்றால் ஒவ்வொரு எழுத்தையும் அடையாளம் தெரியும், சொந்தக்காரர்களை மாதிரி. கூட்டமாக வந்து நின்றால்தான் யார் யாரென்று குழம்பிவிடும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அவனை பெஞ்சு மேல் ஏற்றிப் பாடத்தை வாசிக்கச் சொல்வார். அவன் தடுக்கி விழுவதற்காக வகுப்பே வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். விழுந்ததும் கொல்லென்று சிரிக்கும். ஒரு நாள் தெரியாத சொல் வந்தபோது, தன் வாயிலிருந்தே ஒன்றை எடுத்து விட்டான். பாடத்தில் இருந்த ராஜா மந்திரியிடம் சீப்பு இரவல் கேட்டார். வகுப்பு சிரித்தது. அதே சிரிப்புதான், ஆனால் இந்தத் தடவை அவன் வரவழைத்தது. வாத்தியார் முதுகுத்தோலை உரித்தார். உரித்தால் உரிக்கட்டும். அன்றிலிருந்து ஊருக்கு அவன் முட்டாள் இல்லை, குறும்புக்காரன். முதுகைக் கொடுத்து வாங்கிய பட்டம் அது. லேசில் விடுவானா?

மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். கல்யாணமான புதிதில், "சாப்பாடு அடுப்பு மேல இருக்கு" என்று ஒரு சீட்டு எழுதி மேஜையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுத்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை வரிசையில் உட்கார வைக்கிற வேலை. திரும்பி வந்து பார்த்தால் புருஷன் வெறும் வயிற்றோடு சுருண்டு கிடந்தான். சோறு வைத்தது வைத்தபடி இருந்தது. ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் அவள் எழுதிய சீட்டு நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவள் அதை அங்கேயே விட்டுவிட்டுச் சோற்றைப் போட்டாள். அதற்குப் பிறகு அவனுக்கு எதையும் எழுதி வைக்கவுமில்லை.

குழந்தை பிறக்கவில்லை. பார்க்காத டாக்டர் இல்லை என்று ஆன பிறகு, மனைவிதான் பிள்ளைகளைத் தத்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தாள். முதலில் வளர்க்கக் கொடுப்பார்கள். அவ்வப்போது வந்து பார்ப்பார்கள். திருப்தியாக இருந்தால் தத்துக்கு உத்தரவு வரும், பிள்ளை உங்கள் பிள்ளை. திருப்தி இல்லையென்றால் வந்தபடியே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

பெற்றோராக விண்ணப்பித்தவர்களை உட்கார வைத்து ஒரு வகுப்பு நடத்தினார்கள். நடத்திய மேடம் கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகியிருந்தார். வாரண்டி உட்கார்ந்த நிமிடமே அவருக்குப் பென்சில் மேடம் என்று பெயர் வைத்துவிட்டான். அவர் இரண்டு படப் புத்தகங்களைத் தூக்கிக் காட்டினார்.

"மஞ்சள் அட்டை, வர்ற புத்தகம். குழந்தை உங்க வீட்டுக்கு வந்ததும் தினமும் படிங்க. நீல அட்டை, போற புத்தகம். அது யாருக்கும் தேவைப்படக் கூடாதுன்னுதான் நானும் நினைக்கிறேன். எதுவா இருந்தாலும் எழுதியிருக்கறத எழுதியிருக்கறபடியே படிக்கணும். ஏன் சொல்றேன்னா, நான் வீட்டுக்கு வரும்போது குழந்தையைக் கதை சொல்லச் சொல்லுவேன். வீட்ல என்ன நடக்குதுன்னு நேராக் கேட்டா எந்தக் குழந்தையும் சொல்லாது. கதையைக் கேட்டாச் சொல்லிடும்."

அந்த நேரத்தில் வாரண்டி, தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்த மின்விசிறி யார் மண்டையில் விழும் என்று பக்கத்து நாற்காலிக்காரரோடு பந்தயம் கட்டிக்கொண்டிருந்தான்.

"புரிஞ்சுதா சார்?"

"வாரண்டி, மேடம்."

பஸ்ஸர் வந்த அன்று அவளுக்கு அந்தப் பெயர் இல்லை. எந்தச் சத்தமும் இல்லை. ஐந்து வயதுப் பெண், தோளில் ஒரு பை. வாசலுக்கு உள்ளே நாலடி வைத்து, பையைக் கீழே போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். ஷூவைக் கழற்றவில்லை. சாப்பிடும்போதும் ஷூ, படுக்கும்போதும் ஷூ. ஏற்கெனவே இரண்டு வீடுகளிலிருந்து திரும்பி வந்தவள் என்று பென்சில் மேடம் சொல்லியிருந்தார். முதல் வீட்டுக்காரர்களுக்குப் படுக்கை நனைவது பிடிக்கவில்லை. இரண்டாம் வீட்டுக்காரர்களுக்கு அவள் வாயைத் திறக்காதது பிடிக்கவில்லை. "நாங்க கேட்டது குழந்தை, பொம்மை இல்லை" என்று ஒப்படைத்தார்களாம்.

விஷயம் கடைக்கும் வந்து சேர்ந்தது. அங்கே ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவருக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"என்ன வாரண்டி, எடுத்தது எடுத்த, புது மாடலா எடுக்கக் கூடாதா? ரெண்டு கை மாறின பீஸாமே?"

"ஆமாண்ணே."

"பார்த்துப்பா. ரெண்டு பேரு ரிட்டன் பண்ணியிருக்கான்னா உள்ள ஏதோ இருக்கு. மூடியைத் தொறந்து மோட்டாரப் பாரு."

முதலாளி சிரித்தார். பில் போடுகிற பெண் சிரித்தாள். வாரண்டியும் சிரித்தான். சிரிக்காமல் இருக்க அவனுக்குத் தெரியாது. சிரித்தபடியே ஒரு மெஷினின் பின்மூடியை மாட்டினான். திருகுகளை எல்லாம் கோணலாக ஏற்றி, மறுபடி கழற்ற வேண்டியதாயிற்று.

முதலில் மனைவிதான் மஞ்சள் புத்தகத்தைப் படித்தாள். குளக்கரையில் ஆமையப்பாவும் ஆமையம்மாவும் வாழ்ந்தார்கள். அவர்கள் வீட்டுக்கு ஒரு வாத்துக்குஞ்சு வந்தது. வந்த இடத்தில் ஒரு தட்டை உடைத்துவிட்டு, பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்தது. ஆமையப்பா குனிந்து பார்த்து, "உடைந்தது தட்டுதான். நீ எங்கள் வீட்டுப் பிள்ளை" என்றார். கதை முடிந்தது. மனைவி குழைந்து குழைந்து படித்தாள். குழந்தை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தைய இரண்டு வீடுகளிலும் இதே மஞ்சள் புத்தகத்தைத்தான் படித்திருந்தார்கள். இதே ஆமை, இதே வாக்குறுதி.

பிறகு கிளினிக்கில் மனைவிக்குச் சாயங்கால வேலை வந்தது. புத்தகம் வாரண்டியின் கைக்கு வந்தது.

அவன் திறந்தான். எழுத்துகள் கூட்டம் கூட்டமாக நின்றன. குழந்தை இவன் என்ன செய்யப் போகிறான் என்று அவன் வாயையே பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும் அந்த மாதிரி முகத்தை அவனுக்கு நன்றாகத் தெரியும். தட்டு உடைந்து கிடக்கும் படத்தில் விரலை வைத்தான். கடையில் கேட்ட சொல் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கும் போல. தானாக வந்து விழுந்தது.

"உடைச்சிட்டியா? அடியே வாத்து! கட்டு மூட்டைய. பில்லு எங்க? வா கடைக்கு. உன்னை ரிட்டன் பண்ணிட்டுத்தான் எனக்கு மறுவேலை!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. குழந்தை மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த வார்த்தையை அதுவரை யாரும் அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. கதவைச் சாத்திக்கொண்டும் போனைப் பொத்திக்கொண்டும்தான் சொல்வார்கள். பின்வாங்க வழியில்லாமல் வாரண்டி முன்னால் ஓடினான். ஆமை வாத்தை முதுகில் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஆமை ஆயிற்றே. காலையில் கிளம்பி வாசற்படியைத் தாண்டுவதற்குள் மத்தியானம். தெருமுனைக்குப் போவதற்குள் சாயங்காலம். கடைக்குப் போய்ச் சேர்ந்தால் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். "கடை மூடியாச்சு, நாளைக்கு வாய்யா" என்றார் கடைக்காரர். "ஐயோ, இந்த வாத்தை மறுபடியும் சுமக்கணுமா!" என்று ஆமை தலையில் அடித்துக்கொள்ளப் பார்த்தது. கை எட்டவில்லை.

அப்போது ஒரு சத்தம் வந்தது. துவைத்து முடித்ததும் மெஷின் கீச்சென்று ஒரு குரல் கொடுக்குமே, அதே மாதிரி. வாரண்டி பழக்கதோஷத்தில் எந்த மெஷின் என்று திரும்பிப் பார்த்தான். மெஷின் எதுவும் இல்லை. குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்படித்தான் அவள் பஸ்ஸர் ஆனாள்.

அதற்குப் பிறகு தினமும் ரிட்டன்தான். மனைவி வேலையிலிருந்து வந்து, எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் பஸ்ஸர் தன் பையைத் தோளில் மாட்டி, ஷூ போட்டு, வாரண்டியின் முதுகில் ஏறிக்கொள்வாள். அவன் கட்டிலிலிருந்து சமையலறை வரை தவழ்ந்து போவான். சமையலறைதான் கடை. பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் மனைவிதான் கடைக்காரர். "கடை மூடியாச்சு, நாளைக்கு வாய்யா" என்று அவள் சொல்ல வேண்டும். மறந்துபோனால் இருவரும் சேர்ந்து கத்துவார்கள். ஆட்டம் முடிந்ததும் ஷூ மூலைக்குப் போய்விடும், பை கட்டிலுக்கு அடியில் போய்விடும். படுக்கையை நனைத்துவிட்டால் டபுள் ரிட்டன். கடைக்கு இரண்டு நடை. வாரண்டியின் முழங்கால் தோல் உரிந்தது. படுக்கை நனைவது குறைந்துகொண்டே வந்தது. பள்ளிக்கூடம் போனாள். மனைவி சொல்லிக்கொடுத்ததில் மளமளவென்று படிக்கவும் பிடித்துக்கொண்டாள்.

"வாரண்டி, புத்தகத்துல வேற எழுதியிருக்கு" என்றாள் ஒரு நாள். அவளும் அவனை அப்படித்தான் கூப்பிட்டாள்.

"அது கம்பெனி ஃபிட்டிங். நம்ம கடைல மாத்திப் போட்டிருக்கோம்."

அவளுக்கு அது போதும். மனைவிதான் அடிக்கடி அந்தப் பேச்சை எடுத்தாள்.

"இங்க பாருங்க, மேடம் கதை கேப்பாங்க. உள்ளது உள்ளபடி படிக்கணும்னு அவ்வளவு சொன்னாங்க."

"நான் எங்க படிக்கிறது? உனக்குத் தெரியாதா?"

"அதான் நான் படிக்கிறேன்னு சொல்றேன்ல. நீங்க சும்மா இருங்க."

"நீ படிச்சா சுவத்தப் பார்க்குது. நான் சொன்னா சிரிக்குது. சிரிக்கிற பிள்ளையப் பார்த்தா யாரு என்ன சொல்லப் போறாங்க?"

அதற்கு முன் பென்சில் மேடம் வந்தபோதெல்லாம் பஸ்ஸர் மனைவியின் பின்னால் நின்று தலையை மட்டும் ஆட்டியிருந்தாள். இந்தத் தடவை வந்தபோது கதவைத் திறந்ததே அவள்தான். "வாங்க மேடம், உங்க தலைல பென்சில் இருக்கு" என்றாள். பென்சில் மேடத்தின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. வாரண்டி மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"எனக்கு ஒரு கதை சொல்றியா? அந்த மஞ்சள் புத்தகத்துக் கதை."

பஸ்ஸர் அறையின் நடுவில் போய் நின்றாள். குரல் மாற்றி, கண்ணை உருட்டி, இடுப்பில் கை வைத்துச் சொன்னாள். வாரண்டியின் குரல் அச்சாக வந்தது.

"தட்டு உடைஞ்சதும் ஆமையப்பா என்ன சொன்னாரு?"

"கட்டு மூட்டைய! உன்னை ரிட்டன் பண்ணிட்டுத்தான் மறுவேலை!"

"அப்படின்னு யாரு சொல்றது?"

"வாரண்டி!"

"எப்பவாவது சொல்வாரா?"

"தினமும்! சாப்பிட்டதும் சொல்வாரு."

"படுக்கைய நனைச்சா?"

"டபுள் ரிட்டன்!" என்று சொல்லி பஸ்ஸர் தன் கீச்சுச் சிரிப்பைச் சிரித்தாள். கூடச் சிரிக்க ஆளில்லாமல் அது கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது.

மேடம் பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவினார். குழந்தையை உள்ளே போகச் சொல்லிவிட்டு வாரண்டியைப் பார்த்தார்.

"புத்தகத்துல இருக்கறத ஏன் படிக்கல?"

இவ்வளவுதான் கேள்வி. பதிலும் சின்னதுதான். எனக்குப் படிக்க வராது, மேடம். அதைச் சொல்லியிருந்தால் மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வரிசையாக வந்திருக்கும். மனைவி ஈரக் கையோடு சமையலறை வாசலில் நின்று அவன் வாயையே பார்த்தாள். மேடமும் பார்த்தார். இரண்டு முகங்கள், வாயை மூடிக்கொண்டு. வாரண்டிக்குக் கால் கூசியது, பெஞ்சு மேல் நிற்பது போல.

"அது சப்புன்னு இருந்துச்சு மேடம். ஜாலிக்கு மாத்திட்டேன்."

"ஜாலிக்கு" என்று மேடம் எழுதிக்கொண்டார்.

அவர் போன பிறகு வீட்டில் பாத்திரங்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் சத்தம் போட்டன.

"வாயைத் திறந்து சொன்னா என்ன, முத்தா உதிர்ந்துரும்?"

"என்னன்னு சொல்லச் சொல்ற? ஆமை கதை படிக்கக்கூட வக்கில்லாத அப்பன்னா? அப்படிப்பட்டவனுக்கு எவன் பிள்ளை கொடுப்பான்? குறும்புக்காரனுக்காவது கொடுப்பாங்க. முட்டாளுக்குக் கொடுக்க மாட்டாங்க."

"அப்ப நான் சொல்றேன்."

"நீ சொன்னா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவன் விளையாட்டுக்குச் சொல்லாத வார்த்தை எது என்று கண்டுபிடிக்க அவளுக்குத் தெரியும்.

மறுநாளிலிருந்து மனைவி மஞ்சள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பஸ்ஸரை உட்கார வைத்தாள். உடைந்தது தட்டுதான். நீ எங்கள் வீட்டுப் பிள்ளை. சொல்லு பார்க்கலாம்.

"இது டூப்ளிகேட்" என்றாள் பஸ்ஸர்.

"மேடத்துக்கு இதுதான் பிடிக்கும்டி."

"இல்ல. நான் சரியாச் சொல்லல. அதான் மேடம் சிரிக்கல."

அவளுடைய கணக்கு அவளுக்கு. முதல் இரண்டு வீட்டில் பேசாததுதான் தப்பு. இங்கே பேசியாயிற்று. இன்னும் நன்றாகப் பேசினால் மேடம் சிரித்துவிடுவார். சிரித்துவிட்டால் வேலை முடிந்தது. ஒரு குழந்தை இதைவிட ஒழுங்காக யோசிக்க முடியாது. வாரண்டி அவளை மடியில் வைத்து, "அடுத்த தடவை புத்தகத்துல இருக்கற மாதிரியே சொல்லிடு, செல்லம்" என்று கெஞ்சினான். "ஏன்?" என்றாள். அதற்கு அவனிடம் இருந்தது ஒரே பதில். அதை மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. "மேடத்துக்கு ஆமை பாஷை தெரியாது" என்று சொல்லி வைத்தான். "நான் சொல்லித் தரேன்" என்றாள் பஸ்ஸர்.

தனியாக ஒத்திகை பார்த்தாள். கண்ணாடி முன் நின்று கழுத்தை ஆமை மாதிரி இழுத்துப் பார்த்தாள்.

அடுத்த முறை மேடம் வந்து உட்கார்ந்த உடனேயே, கேட்காமலேயே ஆரம்பித்துவிட்டாள். தட்டு உடைந்தது. ஆமை கத்தியது. முன்பைவிட இரண்டு மடங்கு குரல். மேடம் சிரிக்கவில்லை.

"வாரண்டி, குனி!" என்றாள். முதுகில் ஏறிக் காட்டினால் சிரித்துத்தானே ஆக வேண்டும்?

வாரண்டி குனியவில்லை. "இப்ப வேண்டாம்டா" என்றான். அவன் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. ஒரு கணம் திகைத்தாள். பிறகு, சரி, தனியாகவே செய்து காட்டுவோம் என்று தீர்மானித்தவள் போல் ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்து வந்தாள். ஷூவை மாட்டினாள். வாசல் பக்கம் போய், பையைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். "ரிட்டன்! ரிட்டன்! உன்னை யாரு சுமப்பா?" என்று ஆமைக் குரலில் தன்னைத்தானே திட்டினாள். திட்டிவிட்டு, சிரிப்பு வருகிறதா என்று மேடத்தின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

மேடம் வேறு எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பை, ஷூ, வாசல்.

மனைவி இதற்கு மேல் தாங்க மாட்டாமல் முன்னால் வந்தாள். "மேடம், நீங்க தப்பா நினைச்சுக்கக் கூடாது. இவருக்கு வந்து..."

"காது கொஞ்சம் மந்தம் மேடம்!" என்று வாரண்டி குறுக்கே விழுந்தான். "அதான் பிள்ளை இப்படிக் கத்திப் பேசுது."

பஸ்ஸர் மட்டும் சிரித்தாள்.

மேடம் எழுந்தார். மனைவியிடம்தான் பேசினார். "என்னைக் கல்லுன்னு நினைக்காதீங்கம்மா. ஒரு வீட்ல ஒரு பையன் இதே மாதிரி நடிச்சுக் காட்டினான். நானும் விழுந்து விழுந்து சிரிச்சேன். நல்ல வீடுன்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன். அவன் நடிக்கலன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அந்தப் பையன் இப்ப பேசறதே இல்ல. அன்னையோட நான் சிரிக்கிறத விட்டுட்டேன்."

பிள்ளையைத் திரும்பக் கூட்டிப்போகிற உத்தரவு சீக்கிரமே வந்தது. வேறு குடும்பம் பார்த்தாயிற்று. மனைவி பஸ்ஸரை உட்கார வைத்து, தலையை வாரிவிட்டுக்கொண்டே சொன்னாள். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக. பஸ்ஸர் கேட்டுவிட்டு வாரண்டி பக்கம் திரும்பினாள்.

"நெஜ வண்டியிலயா ரிட்டன்?"

அவன் தலையாட்டினான்.

"முதுகுல இல்லாம, வண்டியில?" அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "விளையாட்டு இல்லடி, நெஜம்" என்று மனைவி தோளைப் பிடித்து உலுக்கினாள். பஸ்ஸர் அவளைப் பார்த்துக் கண்ணடித்தாள். வாரண்டி சொல்லிக்கொடுத்த கண்ணடிப்பு. அவள் அதை உண்மை என்று நம்பும்படி சொல்ல அந்த வீட்டில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

கூட்டிப்போக வந்த காலையில் மேடம் பையிலிருந்து நீலப் புத்தகத்தை எடுத்தார்.

"அனுப்பறவங்கதான் படிக்கணும். நீங்க படிச்சாத்தான், நீங்க சம்மதிச்சு அனுப்பறீங்கன்னு குழந்தைக்குப் புரியும். இதுவரைக்கும் கதை சொன்னது நீங்கதானே சார், நீங்களே படிங்க. மாத்தாம. ஒரு சொல் விடாம."

"நான் படிக்கிறேன் மேடம்" என்றாள் மனைவி.

"அவர் படிக்கட்டும்."

வாரண்டி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பஸ்ஸர் ஷூ, பை சகிதம் வந்து அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். முதல் பக்கத்தில் வாத்துக்குஞ்சு ஒரு பெட்டியோடு நின்றது. வாயில் வந்து முட்டிய கேலியையெல்லாம் அவன் விழுங்கினான். எழுத்தின் மேல் விரலை வைத்தான்.

"ஒ... ரு. நா... ள். கா... லை. வா... வா..."

"வாத்துக்குஞ்சு!" என்றாள் பஸ்ஸர். "படத்தப் பாரு."

"வாத்... துக்... குஞ்சு. த... ன். பொ... ரு..."

பஸ்ஸருக்குப் புரிந்துவிட்டது. "ஏய், ஆமை மாதிரி படிக்கிறியா!" என்று கீச்சென்று சிரித்தாள். அவன் செய்ததிலேயே இதுதான் நல்ல வேடிக்கை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வாரண்டியின் விரல் எழுத்து எழுத்தாக ஊர்ந்தது. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை வாத்தின் மேல் விழுந்தது.

மேடத்தின் பென்சில் நின்றுவிட்டது.

"சார்... உங்களுக்கு..."

"கண்ணாடிய வீட்ல வெச்சுட்டு..." என்று அவன் பழக்கத்தில் ஆரம்பித்தான். அவர்கள் இருந்ததே வீட்டில்தான்.

மேடம் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்தாள்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார் மேடம். "நான் கேட்டேனே."

"இப்பச் சொன்னா, மேடம்?"

அவர் ஜன்னல் பக்கம் போனார். கீழே ஒரு வண்டி நின்றது. அதன் பக்கத்தில் ஓர் ஆணும் பெண்ணும், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் கையில் ஒரு பலூன்.

"உத்தரவு ஆயிடுச்சு. அவங்களுக்கும் சொல்லியாச்சு."

"அவங்களுக்குப் படிக்க வருமா?"

"ரெண்டு பேருமே வாத்தியாருங்க."

வாரண்டி தலையை ஆட்டினான். நியாயம்தானே என்பது போல ஆட்டினான். பிறகு விரலை விட்ட இடத்தில் வைத்தான்.

"போதும் சார். மீதிய நான் படிக்கிறேன்."

"இல்ல மேடம். ஒரு சொல் விடாமன்னு சொன்னீங்க."

படித்தான். சேர்ந்து நின்ற எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து விசாரித்து, மறுபடி சேர்த்து அனுப்பினான். ஒரு பக்கம் திரும்ப ஒரு யுகம் ஆயிற்று. அவன் படித்துக்கொண்டிருக்கும் வரை தோளில் அந்தப் பாரம் இருக்கும். பிறந்ததிலிருந்து எழுத்து வராததால் அவனுக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான். கீழே வண்டி ஹாரன் அடித்தது. மேடம் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி, பொறுக்கச் சொன்னார். பஸ்ஸருக்குத்தான் பொறுமை போய்விட்டது. எந்த வேடிக்கையும் எவ்வளவு நேரம்தான் தாங்கும்? அவன் கைக்கு மேலாக எட்டி, பக்கங்களைப் புரட்டி, மிச்சக் கதையைக் கடகடவென்று தானே வாசித்து முடித்தாள். வாத்துக்குஞ்சு புதிய குளத்துக்குப் போனது. அங்கே பெரிய வாத்துகள் அதற்காகக் காத்திருந்தன. ஆமைகள் கரையிலேயே நின்று கையசைத்தன.

"நான் முடிச்சிட்டேன். நீ மெதுவாப் படிச்சிட்டு வா, வாரண்டி" என்றாள். அவன் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "கீழ பலூன் இருக்கு."

படியில் ஷூ சத்தம் கேட்டது. மேடம் பின்னால் ஓடினார். மனைவி கையில் தண்ணீர்ப் புட்டியோடு ஓடினாள். வண்டிக் கதவு மூடிக்கொண்டது. கீச்சென்று அந்தச் சிரிப்பு ஒரு தடவை மேலே வரை வந்தது. பிறகு எஞ்சின் சத்தம். பிறகு தெருவின் சத்தம்.

மனைவி திரும்பி வந்து வாசலில் நின்றாள். தண்ணீர்ப் புட்டி இன்னும் அவள் கையிலேயே இருந்தது. வாரண்டி தரையில் அதே இடத்தில், புத்தகத்தின் மேல் கவிழ்ந்து, விரலால் ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். உதடு அசைந்துகொண்டிருந்தது.

"போயாச்சு" என்றாள். "இன்னும் யாருக்குப் படிக்கிறீங்க?"

அவன் நிமிரவில்லை.

"இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு" என்றான்.